பச்சை அட்டையும் மஞ்சள் அட்டையும்

பட்டிமன்றத் தலைப்பு: மனித மனத்தை உள்ளபடி காட்டும் மாந்தர்களைப் படைத்தவர் டிக்கன்ஸே! தாக்கரேயே!

('தாக்கரேயே' அணியின் நிறைவுரை)



நடுவர் ஐயா, முதல் வழக்கே உங்க மேலேதான். (சிரிப்பு) தலைப்பைப் பிரித்துக் கொடுக்கும்போதே எங்க அணிக்கு ஓரவஞ்சனை பண்ணிட்டீங்க. டிக்கன்ஸை அவங்களுக்குக் கொடுத்தீங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூட ஆலிவர் ட்விஸ்ட்டைத் தெரியும். கிண்ணத்தை ஏந்திக்கிட்டு, இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊத்தச் சொல்லிக் கேட்ட பையனைத் தெரியாதவங்க யாரு? எங்களுக்கு யாரு? தாக்கரே! நான் பேரைச் சொன்ன உடனே முன்வரிசையிலே ஒரு ஐயா பக்கத்திலே இருக்கிறவர்கிட்டே, "பம்பாய்க்காரரா?" என்று கேட்கிறார். (சிரிப்பு, கைதட்டல்)

ஐயா, நீங்க கேட்டதிலேயும் ஒரு பொருத்தம் இருக்கு. மும்பைத் தாக்கரே குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு இந்த ஆங்கில நாவலாசிரியர் மேலே இருந்த மதிப்பினாலேதான், அந்தக் குடும்பம் தன் பெயரை ஆங்கிலத்திலே இவரைப் போலவே எழுதுகிறது என்று சொல்வார்கள். ஆனால் நம்ம ஆள் வில்லியம் மேக்பீஸ் தாக்கரே. பிறந்தது 1811, ஜூலை 18. பிறந்த ஊர் லண்டன் இல்லைங்க, கல்கத்தா! அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். பிள்ளைக்கு நாலு வயசு இருக்கும்போதே அப்பா போயிட்டார். அஞ்சு வயசிலே தாயைப் பிரிந்து, கப்பலேறி, இங்கிலாந்துக்குப் போனது அந்தக் குழந்தை.

டிக்கன்ஸ் இவருக்கு ஏழு மாதம் இளையவர். 1812, பிப்ரவரி 7. அந்தப் பிள்ளையின் கதையை எதிரணியிலே அம்மா சொன்னாங்க. 1824-ஆம் ஆண்டு, கடனுக்காக அப்பாவை மார்ஷல்சீ சிறையிலே அடைத்துவிட்டார்கள். பன்னிரண்டு வயசுப் பையன் காலணி மெருகு செய்கிற தொழிற்சாலையிலே டப்பாவுக்குச் சீட்டு ஒட்டினான் என்று சொன்னாங்க. அரங்கமே கலங்கிச்சு. நானும் கலங்கினேன். அதிலே ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கப் போறதில்லே.

ஆனா, அம்மா, கண்ணீர் வேற, கண்ணாடி வேற. நமக்குக் கண்ணீரை வரவழைச்சவர் டிக்கன்ஸ். நம்ம முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடிச்சவர் தாக்கரே. (கைதட்டல்) இது நானா ஜோடிச்சுச் சொல்றது இல்லே. 'வேனிட்டி ஃபேர்' நாவல் 1848-இலே புத்தகமாக வந்தபோது, தலைப்புப் பக்கத்துக்குத் தாக்கரே தன் கையாலேயே ஒரு படம் வரைந்தார். ஒரு கோமாளி உட்கார்ந்திருக்கிறான். கையிலே கண்ணாடி. அதிலே தன் மூஞ்சியைப் பார்க்கிறான். கண்ணாடியிலே விரிசல்! இன்றைக்கு எங்கள் அணியின் கொடி அந்தப் படம்தான்.

படம் வரைந்தார் என்று சொன்னேனே, இந்த இரண்டு பேருடைய கதையும் ஒரு படத்திலேதான் ஆரம்பிக்குது. 1836. டிக்கன்ஸுக்கு 24 வயசு. 'பிக்விக் பேப்பர்ஸ்' மாதாமாதம் வெளிவர ஆரம்பிச்ச நேரம். அதற்குப் படம் போட்ட ஓவியர் ராபர்ட் சீமூர் திடீரென்று தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஓவியர் வேணும். செய்தி கேட்டு, ஓர் இளைஞர் நாலைஞ்சு படத்தை அக்குளிலே இடுக்கிக்கிட்டு, ஃபர்னிவல்ஸ் இன் என்கிற கட்டடத்திலே இருந்த டிக்கன்ஸின் அறைக்குப் போனார். டிக்கன்ஸ் பார்த்தார். வேண்டாமென்று அனுப்பிட்டார். வெறுங்கையோடு திரும்பி வந்த அந்த இளைஞர்தான் தாக்கரே!

நல்லவேளை வேண்டாம்னாரு! அன்றைக்கு அந்த வேலை கிடைச்சிருந்தா, டிக்கன்ஸுக்கு ஒரு சுமாரான ஓவியர் கிடைச்சிருப்பார். உலகத்துக்கு ஒரு பெரிய நாவலாசிரியர் கிடைக்காமப் போயிருப்பார். (கைதட்டல்) பின்னாளிலே ஓவியர்களின் விருந்து ஒன்றிலே, இந்தக் கதையைத் தாக்கரேயே எழுந்து நின்று சொல்லிச் சிரித்தார். தோற்றதைச் சபையிலே சொல்லிச் சிரிக்கத் தெரிந்த மனிதன், மனித மனத்தைப் புரிந்துகொண்ட மனிதன்.

அப்புறம் பதினோரு வருஷம். டிக்கன்ஸ் மலை மேலே ஏறிட்டார். தாக்கரே பத்திரிகைகளிலே புனைபெயரிலே எழுதிக்கிட்டிருக்கார். 1847 ஜனவரி வந்தது. அந்தக் காலத்திலே நாவல் மாதத்துக்கு ஒரு பகுதியாக, மெல்லிய அட்டை போட்டு, ஒரு ஷில்லிங் விலைக்கு வரும். டிக்கன்ஸுக்குப் பச்சை அட்டை. தாக்கரேக்கு மஞ்சள் அட்டை. பச்சையிலே 'டோம்பி அண்ட் சன்'. மஞ்சளிலே 'வேனிட்டி ஃபேர்'. ரெண்டும் ஒரே நேரத்திலே கடையிலே பக்கத்திலே பக்கத்திலே தொங்குது. பச்சை 30,000 பிரதிக்கு மேலே போகுது. மஞ்சள் 5,000-ஐத் தொடத் தவிக்குது.

பிப்ரவரி மாதப் பச்சை அட்டையிலே, டோம்பியின் சின்ன மகன் பால் இறந்துபோகிறான். இங்கிலாந்தே அழுதது. தாக்கரே என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பகுதியைப் பையிலே போட்டுக்கிட்டு, 'பஞ்ச்' பத்திரிகை ஆபீஸுக்கு ஓடி, ஆசிரியர் மார்க் லெமனின் மேஜை மேலே அடித்தார். இப்படி எழுதுகிறவனுக்கு எதிரே நான் எப்படி எழுதுவேன், இந்தச் சாவை ஜெயிக்க முடியுமா என்று அங்கலாய்த்தார். போட்டியாளன் எழுத்தைப் படித்துவிட்டு, பொறாமையை மூடி மறைக்காமல், வியப்பையும் மறைக்காமல் கொட்டின மனுஷன் அவர். எதிரணித் தம்பி இதையே எடுத்து, "பார்த்தீங்களா, தாக்கரேயே ஒத்துக்கிட்டார்" என்று கைதட்டு வாங்கினார். தம்பி, அவர் ஒத்துக்கிட்டது அழவைக்கிற திறமையை. இன்றைய தலைப்பு அது இல்லேப்பா! (சிரிப்பு)

தலைப்புக்கு வருவோம். மனித மனத்தை உள்ளபடி காட்டினது யாரு?

'வேனிட்டி ஃபேர்' நாவலுக்குத் தாக்கரே வைத்த துணைத் தலைப்பே, நாயகன் இல்லாத நாவல் என்பதுதான். நாயகன் இல்லேன்னா யார் இருக்கா? பெக்கி ஷார்ப் இருக்கா. குடிச்சுக் கடன்பட்டுச் செத்த ஓர் ஓவியனின் மகள். ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்திலே, சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பதிலா, மற்றப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தவள். பள்ளியை விட்டுப் போகிற பெண்களுக்கெல்லாம் தலைமையம்மா ஜான்சனின் அகராதி ஒன்றைப் பரிசாகக் கொடுப்பாங்க. அமீலியா பணக்கார வீட்டுப் பெண், அவளுக்கு உண்டு. பெக்கி ஏழை, அவளுக்கு இல்லை. தலைமையம்மாவின் தங்கச்சி மனசு கேட்காமல், யாருக்கும் தெரியாமல் ஓடிவந்து வண்டி ஜன்னல் வழியா ஒரு அகராதியை பெக்கியின் கையிலே திணிக்கிறாள். வண்டி நகருது. பெக்கி அந்த அகராதியைத் தோட்டத்துக்குள்ளே திருப்பி வீசி எறியறா!

தாய்மார்களே, அந்தப் பெண் செய்தது சரியா, தப்பா? அன்போடு கொடுத்ததை எறிஞ்சாளே, தப்பு. ஏழைங்கிறதுக்காக வருஷக்கணக்கா ஒதுக்கி வச்சு, கடைசியிலே ஒளிச்சு ஒளிச்சுக் கொடுத்தா, மானமுள்ள பெண் என்ன செய்வா? சரி! ரெண்டும் ஒரே நேரத்திலே மனசுக்குள்ளே வருது பாருங்க. முதல் அத்தியாயத்திலேயே நம்மைப் பிடிச்சு அந்த இடத்திலே நிறுத்திட்டார் தாக்கரே. அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரைக்கும் அவர் நம்மை விடவே இல்லை.

இந்த பெக்கி பொய் சொல்றா. கடன்காரங்களை ஏமாத்தறா. பெத்த பிள்ளையைக் கவனிக்கலே. கடனுக்காகப் புருஷனைப் பிடிச்சுக் காவலிலே வச்சிருக்கும்போது, மீட்கப் பணமில்லேன்னு இனிக்க இனிக்கக் கடிதம் எழுதிட்டு, வீட்டிலே ஒரு பிரபுவோடு உட்கார்ந்து பாடிக்கிட்டிருக்கா. புருஷன் ராடன் விடுதலையாகி வந்து கதவைத் திறக்கிறான். பார்க்கிறான். பிரபுவை அடிச்சு வீழ்த்தறான். குடும்பம் உடைஞ்சு போச்சு. அந்த நேரத்திலே பெக்கியின் மனசிலே என்ன ஓடுச்சுன்னு தாக்கரே எழுதறார் பாருங்க: பயத்திலே நடுங்கிக்கிட்டே, தன் புருஷனின் வீரத்தைக் கண்டு அவளுக்கு ஒரு பெருமிதம்! தன்னை அழிக்க வந்தவனையே அந்த நொடியிலே வியந்து பார்க்கிறா. இது மனசுங்க! மனசோட அடிவாரம்! (பலத்த கைதட்டல்)

அந்த ராடன் யாரு? சூதாடி. முரடன். படிப்பு ஏறாதவன். வாட்டர்லூ போருக்குப் புறப்படும்போது அவன் செய்ததைக் கேளுங்க. தான் செத்துப்போனா மனைவிக்கு எதை வித்தா எவ்வளவு கிடைக்கும் என்று உட்கார்ந்து கணக்கு எழுதறான். துப்பாக்கி இவ்வளவு, குதிரை இவ்வளவு என்று பட்டியல் போடறான். அப்புறம் புது உடுப்பை விற்பனைக்கு வச்சிட்டு, இருக்கிறதிலேயே பழைய உடுப்பைப் போட்டுக்கிட்டுச் சாகப் போறான். அதே ஊரிலே, நல்லவன் என்று பேரெடுத்த அமீலியாவின் கணவன் ஜார்ஜ் என்ன செய்யறான்? பூச்செண்டுக்குள்ளே கடிதம் ஒளிச்சு வச்சு, என்னோடு ஓடி வந்துடு என்று பெக்கிக்கே தூது விடறான்! கல்யாணம் ஆகி ஆறு வாரம்கூட சரியா ஆகலே. அப்புறம் போர்க்களத்திலே செத்துப்போறான். அமீலியா அவன் படத்தை வச்சுப் பூசை பண்றா.

இப்போ அந்த அமீலியாவை ஒருத்தன் வாயைத் திறக்காம நேசிக்கிறான். டாபின். நல்ல மனுஷன். அமீலியாவின் அப்பா நொடிச்சுப் போய், வீட்டுச் சாமான் ஏலத்துக்கு வந்தபோது, அவளுடைய பியானோவை ஏலத்திலே எடுத்து, பேர் சொல்லாம அவளுக்கே அனுப்பி வைக்கிறான். அவ, ஜார்ஜ்தான் அனுப்பினான்னு நினைச்சு அந்தப் பியானோவைக் கட்டிக்கிட்டு அழறா. இவன் சொல்லவே இல்லை. கேட்டுக்கிட்டு நிக்கிறான்! அப்புறம் ராணுவத்தோடு எங்கே வர்றான் தெரியுமா? நம்ம மதராஸ் மாகாணத்துக்கு! தாக்கரே கற்பனையா ஒரு முகாமுக்குப் பேர் வச்சு, வாசகரை அலுங்காமல் கடல் தாண்டிக் கூட்டி வந்துடறார். அமீலியாவுக்கு வேறு கல்யாணம் என்று ஒரு தவறான செய்தி வருது. காய்ச்சலிலே விழுந்து, குற்றுயிரா, மதராஸிலேயிருந்து 'ராம்சந்தர்' என்கிற கப்பலிலே ஊருக்குத் திரும்பறான் டாபின்.

பதினைஞ்சு வருஷத்துக்கு மேலே காத்திருந்தவன், ஒருநாள் அமீலியாவைப் பார்த்துச் சொல்றான், என் அன்புக்கு நீ தகுதியானவள் இல்லை, நான் போறேன் என்று. போயிடறான். அமீலியா அப்பவும் செத்துப்போன ஜார்ஜைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. அவ கண்ணைத் திறந்தது யாரு? பெக்கி! அந்தப் பழைய கடிதத்தை எடுத்து அவ மடியிலே போட்டு, இந்தா உன் தெய்வம் எனக்கு எழுதினது, போய் அந்த நல்லவனைக் கட்டிக்கோ என்கிறாள். இந்தப் பெரிய கதையிலே, தனக்கு ஒரு பைசா லாபமில்லாத ஓர் உதவியைச் செய்தது அந்தப் 'பொல்லாத' பெண்தான். நல்ல பெண் அமீலியாவோ ஒரு நல்லவனைப் பதினைஞ்சு வருஷம் வதைச்சிருக்கா. தெரிஞ்சே செய்யலே. ஆனா வதைச்சிருக்கா.

நம்ம வீட்டிலே இப்படி நடக்கிறதில்லையா? "அவ ரொம்ப நல்லவ" என்று பேரெடுத்தவங்களாலே வீட்டிலே ஒருத்தர் உள்ளுக்குள்ளே வெந்துகிட்டிருக்கிறதும், "அவனைச் சேர்க்காதே" என்று ஒதுக்கி வச்சவன் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடி வர்றதும் நமக்குத் தெரியாதா? (கைதட்டல்)

இப்போ எதிரணிக்கு வர்றேன். எதிரணித் தலைவர் ஐயா, டிக்கன்ஸ் வாசகர்களுக்கு மதிப்புக் கொடுத்தவர் என்று மூணு சம்பவம் சொன்னீங்க. அருமையான சம்பவங்கள். நான் அதையே எடுத்துக்கறேன், கோவிச்சுக்காதீங்க.

ஒன்று. 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' தொடராக வந்துகொண்டிருந்த 1849-ஆம் ஆண்டு. அதிலே மௌச்சர் என்று உயரம் குறைந்த ஒரு பெண். கெட்ட காரியத்துக்குத் துணை போகிறவள் மாதிரி வர்றா. டிக்கன்ஸ் வீட்டுக்குப் பக்கத்திலே அதே உருவத்தோடு ஒரு பெண்மணி இருந்தாங்க. இது நான்தானே, என்னை ஊரே சிரிக்க வச்சிட்டீங்களே என்று கடிதம் எழுதிட்டாங்க. டிக்கன்ஸ் வருந்தினார். அடுத்து அவள் வரும்போது, தங்கமான பெண்ணாக மாத்திட்டார்.

இரண்டு. ஆலிவர் ட்விஸ்ட்டிலே வரும் ஃபேகின். பிள்ளைகளைத் திருடப் பழக்குகிற யூதக் கிழவன். டிக்கன்ஸின் லண்டன் வீட்டை விலைக்கு வாங்கிய குடும்பம் ஒரு யூதக் குடும்பம். அந்த வீட்டு அம்மா எலிசா டேவிஸ் 1863-இலே எழுதினாங்க: எங்க இனத்துக்கே அநியாயம் பண்ணிட்டீங்களே என்று. டிக்கன்ஸ் முதலில் சமாதானம் சொன்னார். ஆனா மனசு உறுத்திச்சு. அடுத்த நாவலிலே ரையா என்று ஒரு நல்ல யூதப் பெரியவரைப் படைத்தார். 1867 பதிப்பிலே, ஃபேகினை இனப் பேர் சொல்லிக் குறிப்பிட்ட பல இடங்களை அடித்துத் திருத்தினார். ஒரு மனிதராக டிக்கன்ஸுக்கு நான் எழுந்து நின்று வணக்கம் சொல்றேன். (கைதட்டல்)

ஆனா ஐயா, ஓர் எழுத்தாளராக? கெட்டவன் வேண்டாம்னா, நல்லவன்! கறுப்பு வேண்டாம்னா, வெள்ளை! விளக்கு ஸ்விட்ச் மாதிரி! ரையா கதாபாத்திரம் இங்கே எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? கையைத் தூக்குங்க பார்ப்போம். (சிரிப்பு) ஏன் ஞாபகம் இல்லே? அவர்கிட்டே ஒரு குறைகூட இல்லே. குறையே இல்லாதவரை நாம எங்கேயும் பார்த்ததில்லே. அதனாலே மனசிலே ஒட்டலே.

மூன்றாவது, 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. 1860, 61-லே வந்தது. பிப் என்கிற பையன். தன்னை வளர்த்த கொல்லர் ஜோவைப் பணம் வந்ததும் பார்க்கக் கூச்சப்படறானே, அந்த இடம் உலக இலக்கியத்திலே உயர்ந்த இடம். ஒத்துக்கறேன். பிப் கலப்படம் இல்லாத மனுஷன்; அதாவது நல்லதும் கெட்டதும் கலந்த மனுஷன்! ஆனா கவனிங்க: பெக்கி பிறந்து பதிமூணு வருஷம் கழிச்சுத்தான் பிப் பிறக்கிறான். டிக்கன்ஸே தாக்கரேயின் தெருவுக்குக் குடி வந்துட்டார்னு நான் சொல்றேன்! (சிரிப்பு, கைதட்டல்) அந்த நாவலுக்கும் ஒரு சோகமான முடிவு எழுதி வச்சிருந்தார். நண்பர் புல்வர் லிட்டன் வேண்டாம்னு சொன்னதும், இதமான முடிவாக மாத்திட்டார். பெக்கியை அப்படி மாத்த முடியுமா? அவளைத் திருத்தி நல்லவளாக்கினா அவ பெக்கி இல்லே. அழிச்சுக் கெட்டவளாக்கினாலும் அவ பெக்கி இல்லே.

நடுவர் ஐயா, மணி அடிச்சிடாதீங்க. இனிமேதான் முக்கியமான சாட்சியைக் கூப்பிடப் போறேன். இந்த இரண்டு எழுத்தாளர்களின் வாழ்க்கையே அந்தச் சாட்சி.

குடும்பப் பாசத்துக்கு, கிறிஸ்துமஸ் விருந்துக்கு, அடுப்பங்கரைக் கதகதப்புக்குப் பேர் போனவர் யாரு? டிக்கன்ஸ். ஊரே அவரை நல்ல தகப்பன், நல்ல கணவன் என்று கொண்டாடுச்சு. தாக்கரேயை? எதையும் நையாண்டி பண்றவர், ஈரமில்லாதவர் என்று சொல்லுச்சு.

வீட்டுக்குள்ளே போய்ப் பார்ப்போம். 1840. தாக்கரேக்கு 29 வயசு. மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு மனைவி இசபெல்லாவுக்கு மனநிலை சரியில்லாமல் போச்சு. அவளுடைய தாய்வீடு அயர்லாந்து. அங்கே கூட்டிக்கிட்டுப் போகும்போது, கப்பலிலேயிருந்து கடலிலே குதிச்சிட்டா. மீட்டுக் கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு ராத்திரியிலே தாக்கரே என்ன செய்தார் தெரியுமா? ஒரு ரிப்பனை எடுத்து, ஒரு முனையை மனைவியின் இடுப்பிலே கட்டி, மறு முனையைத் தன்னோடு கட்டிக்கிட்டுப் படுத்தார். அவ அசைஞ்சா இவர் முழிச்சுக்கணும். (அரங்கத்தில் அமைதி)

அவள் குணமாகவே இல்லை. வைத்தியத்துக்கு எங்கெங்கோ அலைந்தார். கடைசியிலே பராமரிக்க நல்லவர்களிடம் ஒப்படைத்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஒரு நடுக்குழந்தையைச் சிசுவாகவே பறிகொடுத்தவர். மிச்சமிருந்த இரண்டு பெண் குழந்தைகளை லண்டனுக்குக் கொண்டுவந்து, கென்சிங்டன் யங் தெருவிலே வீடு பிடித்து, தானே தாயும் தகப்பனுமா வளர்த்தார். அந்த வீட்டிலேதான் 'வேனிட்டி ஃபேர்' எழுதப்பட்டது. அந்தப் பெண்களிலே ஒருத்திக்குப் பத்து வயசிலே யார் நாவல் பிடிக்கும் தெரியுமா? டிக்கன்ஸ்! 'நிக்கலஸ் நிக்கிள்பி'யைத் திரும்பத் திரும்பப் படிச்சிட்டு, அப்பா, உங்க புத்தகத்தைவிட இதுதான் எனக்குப் பிடிக்குது, நீங்களும் இந்த மாதிரி ஒண்ணு எழுதக் கூடாதா என்று கேட்டாளாம். இதையும் தாக்கரேயே மேடையிலே சொன்னார்! வீட்டுக்குள்ளேயே எதிரணி! (சிரிப்பு)

டிக்கன்ஸ் வீட்டுக்கு வாங்க. 1858. இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியம். பத்துப் பிள்ளைகளைப் பெற்ற மனைவி கேத்தரீன். எல்லன் டெர்னன் என்கிற இளம் நடிகையின் மேலே மனம் போன டிக்கன்ஸ், மனைவியைத் தனி வீட்டிலே வைத்தார். மூத்த மகன் மட்டும் தாயோடு போனான். மற்றப் பிள்ளைகள் தகப்பன் வீட்டிலே. போதாததற்கு, தன் பக்க நியாயத்தைத் தன் பத்திரிகையிலேயே அச்சிட்டு ஊருக்கெல்லாம் அறிவித்தார். அந்த அம்மா பதில் அச்சடிக்கவில்லை. சாகும் தறுவாயிலே, டிக்கன்ஸ் தனக்கு எழுதிய பழைய கடிதங்களை மகளிடம் கொடுத்து, இதை மியூசியத்திலே சேர்த்துடு, ஒரு காலத்திலே அவர் என்னை நேசிச்சார் என்று உலகம் தெரிஞ்சுக்கட்டும் என்றார். (அமைதி)

நான் டிக்கன்ஸைக் கீழே தள்ள இதைச் சொல்லலே. அனாதைப் பிள்ளைக்காக எழுதினாரே, அந்தக் கண்ணீர் பொய்யா? இல்லை, மெய். மனைவிக்குச் செய்ததும் மெய். தாக்கரேயும் புனிதர் இல்லை. இளமையிலே சூதாடிப் பணம் தொலைத்தவர். பின்னாளிலே நண்பர் மனைவி மேலே மனசைப் பறிகொடுத்துத் தவித்தவர். இரண்டு பேரும் மனுஷங்க. இந்த இரண்டு பேரையும் நாம வெறுக்காம, பூசையும் பண்ணாம, உள்ளபடி புரிஞ்சுக்கணும்னா, அதுக்கு எந்தக் கண் வேணும்? நல்லவன் ஒரு பக்கம், கெட்டவன் ஒரு பக்கம் நிறுத்தி வைக்கிற டிக்கன்ஸ் கண் போதாது. பெக்கியையும் ராடனையும் டாபினையும் பார்த்த தாக்கரேயின் கண்தான் வேணும்! டிக்கன்ஸைப் புரிஞ்சுக்கவே தாக்கரே வேண்டியிருக்கு, நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)

கடைசியாக ஒரு செய்தி. அதே 1858-இலே இரண்டு பேருக்கும் பகை முற்றியது. டிக்கன்ஸின் விவகாரத்தைப் பற்றித் தாக்கரே கிளப்பிலே வாய்தவறிச் சொன்ன ஒரு சொல் அவர் காதுக்குப் போச்சு. அடுத்து, எட்மண்ட் யேட்ஸ் என்கிற இளம் பத்திரிகைக்காரர் தாக்கரேயை இழிவாக எழுத, தாக்கரே கேரிக் கிளப்பிலே புகார் கொடுக்க, டிக்கன்ஸ் அந்த இளைஞருக்குத் துணை நிற்க, பேச்சே நின்று போச்சு. ஐந்து வருஷம் முகம் பார்க்கலே.

1863 டிசம்பர். அத்தீனியம் கிளப். டிக்கன்ஸ் கண்டும் காணாமல் கடந்து போறார். தாக்கரே, பேசிக்கொண்டிருந்த நண்பரை விட்டுவிட்டு, பின்னாலேயே போய், மாடிப்படி அருகிலே கையை நீட்டினார். நீட்டியது தாக்கரே. பற்றிக்கொண்டது டிக்கன்ஸ். சில நாளிலே, டிசம்பர் 24, தாக்கரே தூக்கத்திலேயே போயிட்டார். வயது 52. டிசம்பர் 30, கென்சல் கிரீன் இடுகாட்டிலே நின்றவர்களிலே டிக்கன்ஸும் ஒருவர். அதற்கு மறுநாள், டிசம்பர் 31, எங்கேயோ தொலைவிலே, ராணுவத்திலே இருந்த டிக்கன்ஸின் மகன் வால்ட்டர் 22 வயதிலே இறந்து போனான். எந்த ஊரிலே தெரியுமா? தாக்கரே பிறந்த அதே கல்கத்தாவிலே! அந்தச் செய்தி தகப்பனுக்குக் கிடைத்தது 1864, பிப்ரவரி 7. அவருடைய பிறந்த நாள்.

அந்தப் பிப்ரவரியிலே, தாக்கரே ஆசிரியராக இருந்து வளர்த்த கார்ன்ஹில் பத்திரிகையிலே, டிக்கன்ஸ் எழுதிய அஞ்சலி வெளிவந்தது. அதை எங்கே ஆரம்பிச்சார்? இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னே, என் முதல் புத்தகத்துக்குப் படம் வரைய வந்த இளைஞனாக அவரைப் பார்த்தேன் என்று! வேண்டாமென்று திருப்பி அனுப்பினாரே, அந்த இளைஞரை டிக்கன்ஸ் கடைசி வரை மறக்கலே.

பகைச்சவனே கையை நீட்டறான். நிராகரிச்சவனே நினைச்சு அழறான். இந்தக் கதையிலே நாயகன் யாரு, வில்லன் யாரு? யாரும் இல்லே. நாயகன் இல்லாத நாவல்! அந்தத் தலைப்பை அவர்கள் இருவர் வாழ்க்கைக்கும் முன்கூட்டியே எழுதி வச்சவர் தாக்கரே. ஆகவே, மனித மனத்தை உள்ளபடி காட்டும் மாந்தர்களைப் படைத்தவர் தாக்கரேயே, தாக்கரேயே என்று அழுத்தமாகச் சொல்லி, வீட்டுக்குப் போகிற வழியிலே, நீங்க பேசாமல் ஒதுக்கி வச்சிருக்கிற ஒரு சொந்தக்காரர் முகம் ஞாபகத்துக்கு வந்தால் அதுவே எங்கள் அணிக்கு வெற்றி என்று சொல்லி, நல்ல தீர்ப்பை நடுவர் அவர்களிடம் வேண்டி அமைகிறேன்.

(நீண்ட கைதட்டல்)